அடக்கத் தகாதவையும் அடக்க வேண்டியவையும்



ஐம்பதைக் கடந்த ஆண்மக்கள் பலர் அனுபவிக்கும் ஒரு துன்பத்தைக் குறித்து நம் இல்லங்களில் எவரும் வாய் திறப்பதில்லை. இரவில் மூன்று நான்கு முறை எழ நேரிடுகிறது. சிறுநீர் தடைப்பட்டு மெலிந்து வருகிறது. கழித்த பின்னும் நிறைவில்லை. மனைவியிடம் சொல்ல நாணம். மருத்துவரிடம் செல்ல அச்சம். எனவே இத்திங்கள் நாம் இதனைப் பற்றியே பேசுவோம்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து புராஸ்டேட் என்னும் சுரப்பி அமைந்துள்ளது. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெருக்குகிறது. பெரும்பாலோர்க்கு இது புற்றுநோயன்று. முதுமையோடு வரும் வீக்கமே.

ஆயுர்வேதப் பழநூலாகிய சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானத்தின் 7-ஆம் அத்தியாயம் சிந்திக்கத் தக்கது. சிறுநீர், மலம், தும்மல், பசி, தாகம், கண்ணீர், உறக்கம் முதலிய 13 இயற்கை வேகங்களை அடக்கலாகாது என்கிறது அது. அதே அத்தியாயம் பேராசை, அச்சம், சினம், பொறாமை போன்ற மனத்தின் வேகங்களை அடக்குமாறு பணிக்கிறது. நாமோ தலைகீழாக நடக்கிறோம்! பேருந்திலும் அலுவலகத்திலும் சிறுநீரை அடக்குகிறோம். சினத்தையோ வீட்டார்மேல் கொட்டுகிறோம். மன இறுக்கம் மிகுந்தால் சிறுநீர்ப்பையின் வாயிற்புறத் தசைகளும் இறுகும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது.

வயிற்றை நான்கு பாகமாக்கி, இரண்டை உணவுக்கும் ஒன்றை நீருக்கும் அளித்து, ஒன்றை வெறுமையாக விடுமாறு வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் கூறுகிறது. இரவு உணவு எளிதாகவும் நேரத்தோடும் அமையட்டும். கீரையும் கனியும் மலச்சிக்கலைத் தவிர்க்கும். மலச்சிக்கல் சிறுநீர்த் தடையை மிகுவிக்கும். பகலில் போதிய நீர் அருந்தி, உறங்குமுன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளலாம். மாலைக்குப்பின் காப்பி, தேநீர் வேண்டாம். மது எப்போதுமே வேண்டாம்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். நெருஞ்சிலும் மாவிலங்கப் பட்டையும் சிறுநீர்க் கோளாறுகளுக்கு நெடுங்காலமாக வழங்கி வருபவை. ஆயினும் பருத்த சுரப்பியை அவை சுருக்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. அன்றியும், அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில், 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆதலால் விளம்பரத்தை நம்பி மருந்து வாங்கற்க. தகுதி பெற்ற வைத்தியரை நாடுக. உட்கொள்ளும் பிற மருந்துகளையும் அவரிடம் மறையாது கூறுக.

ஒழுங்கான வாழ்க்கை துன்பத்தைத் தணிக்கும். பரிசோதனைக்கு அது ஈடாகாது. அடிக்கடி சிறுநீர் கழிதல் சர்க்கரை நோயாலும் நேரலாம். புராஸ்டேட் புற்றுநோய் தொடக்கத்தில் அறிகுறி எதுவும் காட்டாமலே இருக்கலாம். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சலோடு எரிச்சல் வந்தாலோ காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காண வேண்டும். சிறுநீர் அறவே நின்றுவிடின் அந்நேரமே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இல்லத்தரசியரே, பிள்ளைகளே! தந்தையார் இரவில் பலமுறை எழுவதைக் கண்டும் காணாதிராதீர்கள். அன்போடு கேளுங்கள், உடன் அழைத்துச் செல்லுங்கள். தந்தையரே! அடக்கத் தகாதவற்றுள் இந்த மௌனமும் ஒன்றென்று அறியுங்கள்.