‘வாக்கிங் போங்க’ மட்டும் போதுமா? ஆலங்குளத்தில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

சர்க்கரை கூடிருச்சா? ‘சோத்தைக் குறைங்க, வாக்கிங் போங்க.’ மூச்சு வாங்குதா? ‘பீடியை விடுங்க.’ அறிவுரை சரிதான். ஆனால், பாதிதான் சரி.

இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னது. இதையெல்லாம் ‘வாழ்க்கை முறை நோய்’ என்கிறோம். அந்தப் பெயரே பழியை நோயாளி மேல் போட்டுவிடுகிறது. அவர் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார், எத்தனை மணி நேரம் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர் கையில் மட்டுமா இருக்கிறது?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தையே எடுத்துக்கொள்வோம் (தென்காசிப் பக்கம் இருக்கும் ஆலங்குளம் இல்லை). 1970 முதல் இங்கே அரசு சிமென்ட் ஆலை இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத்தகடு தயாரிக்கும் பிரிவும் இருந்தது. சுற்றிலும் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் இழை கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுண்ணியது. நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். நோய் வெளியே தெரிய 20, 30 வருஷம்கூட ஆகலாம். அதற்குள் ஆள் ரிட்டயர்ட் ஆகியிருப்பார். ‘வயசாச்சுல்ல’ என்று முடித்துவிடுவார்கள். புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு எகிறும். அதாவது பழக்கமும் சூழலும் தனித்தனி இல்லை. ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். ஆலைக்குப் போகாதவர்களும் தப்புவதில்லை. வேலை உடுப்பை உதறித் துவைக்கும் மனைவிக்கும் இந்த நோய் வந்ததை உலகின் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

பட்டாசில் விபத்து நடந்தால் செய்தி. ஆனால் அலுமினியத் தூளையும் கந்தகத்தையும் தினமும் சுவாசிப்பது செய்தி ஆவதில்லை. பீஸ் ரேட்டுக்கு, தரையில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை பார்க்கும் பெண்ணிடம் ‘வாக்கிங் போங்க’ என்றால், அவர் எப்போது போவார்?

‘நீங்க என்ன வேலை பார்க்குறீங்க?’ என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லி 1700-லேயே மருத்துவர்களுக்குப் புத்தகம் எழுதினார் இத்தாலி மருத்துவர் ராமசினி. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் சிலிகோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவற்றை மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. கேள்வியும் புதிது இல்லை, சட்டமும் புதிது இல்லை.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய விஷயம். இந்த மாதிரி தொழில் பகுதிகளில் அதோடு மூன்று விஷயங்களைச் சேர்க்கலாம்: ஒவ்வொருவரும் பார்த்த வேலைகளின் பதிவு, வருஷம் ஒருமுறை ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை, ரிட்டயர்ட் ஆனவர்களுக்கும் தொடர் கண்காணிப்பு.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை அப்பாவை, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: ‘இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தாங்க டாக்டர்.’ இருமலுக்கான காரணம் அந்த ஒரு வரியில் இருக்கலாம்.