கேட்டுப் பெறும் ஈவு

2014 ஜனவரியில் கோல் இந்தியா நிறுவனம், பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஒன்றுக்கு 29 ரூபாய் ஈவுத்தொகை அறிவித்தது. நூறு பங்கு வைத்திருந்தவர் 2,900 ரூபாய் கிடைத்ததென்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால், ஈவு பெறும் உரிமை நீங்கும் நாளின் காலையில் பங்கின் விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித் தொடங்குவதே சந்தையின் வழக்கமாதலால், அவருடைய சட்டைப்பைக்கு வந்தது அவருடைய பெட்டியிலிருந்தே எடுக்கப்பட்டதுதான். முதலீட்டுத் திட்டம் மாறாதவரை, வரியும் தரகும் இல்லாத சந்தையில், ஈவு கூடினாலும் குறைந்தாலும் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்று மில்லர், மோடிக்லியானி ஆகிய பொருளியலறிஞர் இருவர் 1961-இல் நிறுவிய சித்தாந்தத்தின் சாரம் இதுவே.

அப்படியானால், 2020 ஏப்ரலில் ஷெல் எண்ணெய்க் கம்பெனி காலாண்டு ஈவை 47 சென்டிலிருந்து 16 சென்டாகக் குறைத்த அன்றே அதன் பங்கு விலை பத்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்ததேன்? இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் ஒருமுறையும் ஈவைக் குறைத்திராத கம்பெனி அது. எதிர்காலத்தைப் பற்றி நிர்வாகிகள் உள்ளூர என்ன நினைக்கிறார்கள் என்பதை, நூறு அறிக்கைகளைவிட அந்த ஒரு குறைப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஈவு என்பது நிர்வாகம் தன் விருப்பத்தோடு கொடுக்கும் வாக்கு. அதற்குச் சந்தையில் விலை உண்டு.

நம் பொதுத்துறை எரிசக்தி நிறுவனங்களின் ஈவுக்கோ அந்த விலை இல்லை. ஏனெனில் அது அவற்றின் வாக்கே அன்று. நிகர லாபத்தில் 30 சதவிகிதம் அல்லது நிகர மதிப்பில் 5 சதவிகிதம், இவற்றில் எது அதிகமோ அதைக் கட்டாயம் தரவேண்டும் என்று மத்திய சர்க்கார் 2016-இல் விதித்தது. 2024-இல் அந்த ஐந்தை நான்காக்கியதே கண்ட சலுகை. இந்த விதி வருமுன்பே வழங்கப்பட்ட, மேற்சொன்ன 2014 ஈவின் மொத்தம் சுமார் 18,300 கோடி ரூபாய். அதில் பத்தில் ஒன்பது பங்கு, பற்றாக்குறையால் தவித்த கஜானாவுக்குப் போயிற்று. அப்பொழுது அந்நிறுவனத்தின் வங்கிக் கணக்குகளில் பணம் சும்மா கிடந்தது என்பதை மறுக்கவில்லை. அதைப் பங்குதாரருக்குத் தந்ததும் தவறன்று. ஆனால், எப்பொழுது, எவ்வளவு என்பதைச் சுரங்கத்தின் தேவையைக் கொண்டு நிர்ணயிக்காமல், நிதியமைச்சகத்தின் ஆண்டுக் கணக்கைக் கொண்டு நிர்ணயித்ததே தவறு. 2010-இல் 245 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட அந்தப் பங்கு, தாராளமாக ஈவு வழங்கி வந்தும், 2020-இல் ஒரு கட்டத்தில் அதில் பாதி விலைக்குக்கூட விலைபோகவில்லை.

சுரங்கத்துக்குப் போலவே எண்ணெய்த் தொழிலுக்கும் தனக்கென்று தேவை உண்டு. எண்ணெய்க் கிணறு ஆண்டுக்காண்டு ஊற்றுக் குறைவது. நேற்றைய உற்பத்தியை இன்றும் எடுப்பதற்கே புதிய கிணறுகள் தோண்ட வேண்டும். அத்தகைய தொழிலில் லாபமென்று கணக்கில் காண்பதெல்லாம் எடுத்துக் கொடுக்கத்தக்க மிச்சமாகிவிடாது.

கட்டாயம் நீங்கினால் அதிகாரிகள் பணத்தை வீண் முயற்சிகளில் கரைப்பார்கள் என்பது அஞ்சத்தக்கதே. அதற்குப் பரிகாரம், முதலீட்டுத் திட்டத்தையும் ஈவுக் கொள்கையையும் சேர்த்து முன்கூட்டியே பிரசுரித்து, சிறு பங்குதாரர் முன்னிலையில் கணக்குச் சொல்லும் நிர்வாக சபையே தவிர, எல்லா நிறுவனத்துக்கும் ஒரே விகிதம் அன்று. இந்தக் குறைந்தபட்ச விதியை எரிசக்தி நிறுவனங்களைப் பொறுத்தமட்டிலாவது சர்க்கார் ரத்து செய்ய வேண்டும். ஒவ்வொரு பிப்ரவரியிலும், நிர்வாக சபைகள் கூடி யோசிப்பதற்கு முன்பே, அவை வரும் ஆண்டில் தரப்போகும் ஈவு பட்ஜெட்டின் வரவுப் பக்கத்தில் ஒரு தொகையாக எழுதப்பட்டுவிடுகிறது.