வாய்ப்பேச்சு போதாது, சீட்டு வேண்டும்!

அரசாங்கத்து இடத்தில் அடிபட்டால் 'நம்ம நேரம்' என்று வீட்டுக்கு வந்துவிடுவதுதான் நம் பெண்களின் வழக்கம். ஆபீஸ் படியில் வழுக்கினாலும் சரி, சாக்கடை மூடி உடைந்து விழுந்தாலும் சரி, 'பார்த்துப் போகக்கூடாதா' என்று திட்டு விழுமே எனப் பலர் வெளியில் சொல்வதுகூட இல்லை.

எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு இப்படித்தான் கால் முறிந்தது. மாவுக்கட்டு, மருந்து என்று கையிருப்பு கரைந்தது. நாலு மாதம் கழித்து விசாரிக்கப் போனால், "எப்ப விழுந்தீங்க? யார் பார்த்தா? எழுதிக் கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார்களாம். காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதற்குள் புது மூடியும் போட்டாச்சு!

நம் மாவட்டத்தில், நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று பயிற்சி நடந்தபோது, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்ததை எந்தத் தாய் மறப்பாள்? 2022 ஜனவரி 3-ல் அந்தப் பிள்ளை இறந்தது. தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் அறிவிக்கப்பட்டது. பிள்ளை உயிருக்குப் பணம் ஈடாகாது. ஆனால் நடந்ததை யாரும் மறுக்க முடியவில்லை, குண்டே சாட்சி. உடைந்த மூடிக்கு நாம்தான் சாட்சி வைக்க வேண்டும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. டில்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து உயிர்கள் போன வழக்கில், பழுது இருந்ததே தெரியாது என்று சொல்லி மாநகராட்சி தப்ப முடியாது, சோதித்துப் பராமரிப்பது அதன் கடமை என்று 1966-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ஆகவே தோழிகளே, அடிபட்டாலும், வீடு வாசல் சேதமானாலும், அன்றே செல்போனில் இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். பார்த்தவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் எங்கே, எப்படி விழுந்தோம் என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மருந்துக் கடை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். போலீசில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள்.

அரசு மீது வழக்குப் போட, பொதுவாக இரண்டு மாதம் முன்பே எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். வக்கீலுக்குப் பணம் ஏது என்று மலைக்க வேண்டாம். 1987-ம் வருடச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

இது காசுக்காக மட்டுமல்ல. நாம் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை விழுவதற்கு முன் அந்தப் பள்ளம் மூடப்படும். அதிகாரிகளும், வருகிறவர்களை அலைக்கழிக்காமல், கேட்காமலே ரசீது கொடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவருவார்களா?

- ஒரு வாசகி, புதுக்கோட்டை.