கைநாட்டு ஓட்டு

தேர்தல் முடிவு பிடிக்காதவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று மாலையே ஒரு புலம்பல் கிளம்பும்: "கைநாட்டுக்கெல்லாம் ஓட்டுரிமை கொடுத்தால் நாடு இப்படித்தான் இருக்கும்." படித்தவர் மட்டும் ஓட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

எழுத்தறியாதவருக்கு ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்பது முதல் வாதம். 1951-இல் இந்தியாவின் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம்தான். அந்த நிலையில் 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களை வைத்து முதல் பொதுத்தேர்தலை நடத்தினார் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். ஊர் படிக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். மறைவுக்குப் பின்னால் போய், இரட்டைக் காளையோ குடிசையோ கதிர் அரிவாளோ, வேண்டிய படமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். சீட்டில் முத்திரை குத்தும் வேலைகூட இல்லை.

அப்படிப் போட்டவர்கள் சென்னை மாகாணத்தில் செய்தது என்ன? சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்ற பெயர் இருந்தும் காங்கிரசுக்கு 375 இடங்களில் 152-தான் கொடுத்தார்கள். முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றார். கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்களின் கணக்கு போலவா இருக்கிறது இது?

அந்தத் தேர்தலில் பெரிய ஓட்டை விழுந்தது வேறு இடத்தில். வடமாநிலங்களில் கணக்கெடுக்க வந்தவரிடம் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிவானது. சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. அவர்களைத் தடுத்தது எழுத்தறியாமை அல்ல, பெயரை வெளியே சொல்லவிடாத வீட்டு வழக்கம். அந்த நிலை மாறி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்த விகிதத்தில் பெண்கள் ஆண்களைவிட ஒரு இழை முன்னால் நின்றார்கள்.

ஏழைகள் ஓட்டை விற்கிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. பணம் புரள்வதை யாரும் மறுக்க முடியாது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் என்று தமிழ்நாட்டிலேயே தேர்தல்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் வாங்கும் கை தெரிகிற அளவுக்குக் கொடுக்கும் கை பேச்சில் வருவதில்லை. கட்டுக்கட்டாகப் பணம் திரட்டி, தெருவாரியாகப் பட்டியல் போட்டு, கணக்கு எழுதிக் கொடுப்பவர் கைநாட்டாகவா இருப்பார்?

சரி, படிப்பைத் தகுதியாக்கிப் பார்த்தால்? ஹரியானா 2015-இல் பார்த்தது. பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியிடப் பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதில் சற்றுச் சலுகை. கூடவே வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றமும் சரி என்றது. பள்ளியும் கழிப்பறையும் அரசு எட்டவைக்காத வீடுகளுக்கே கதவு சாத்தப்பட்டது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும் எந்தப் படிப்பும் கட்டாயமில்லை! இதேபோன்ற சட்டம் கொண்டுவந்த ராஜஸ்தான் 2019-இல் அதைக் கைவிட்டது.

ஓட்டுப் போடுவதற்கே படிப்பைத் தகுதியாக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு கறுப்பின மக்களை ஓட்டுச்சாவடிக்கு வெளியே நிறுத்தவே பயன்பட்டது. 1965-இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க முடிந்தது.

படித்தவர்களின் பொறுப்புணர்ச்சிக்கு வருவோம். 2024-இல் தமிழ்நாட்டில் அதிகம் வாக்களித்த தொகுதி தருமபுரி, 81 சதவீதம். கடைசி இடம், 54 சதவீதத்துடன், மத்திய சென்னைக்கு. வீடு மாறியவர்கள், பட்டியல் குளறுபடி என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்தாலும், வாக்குப்பதிவு நடந்த வெள்ளிக்கிழமையைச் சேர்த்து மூன்று நாள் விடுமுறையாக்கிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பியவர்கள் தருமபுரியின் கூலித் தொழிலாளிகள் இல்லை.