பூங்காவுல பூ எங்க பாஸ்?

இந்த வாரம் உங்களுக்கு ஒரு குட்டி புதிர். நம்ம வல்லம் வடகால் பக்கம் எந்த ரோட்டுல போனாலும் பச்சை போர்டுல 'தொழிற்பூங்கா'ன்னு எழுதியிருக்கும். பூங்கான்னா என்ன அர்த்தம்? பூக்கள் இருக்கிற சோலை. சரி, அந்தப் பூங்காவுல பூ எங்க? குழந்தைங்க ஓடி விளையாட இடம் எங்க? சும்மா உட்கார்ந்து காத்து வாங்க ஒரு சிமென்ட் பெஞ்சு எங்க?

தேடாதீங்க. கன்டெய்னர் லாரிதான் கிடைக்கும்!

காமெடிக்காகக் கேட்கலை. ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் வரைக்கும் கார், பைக், செல்போன்னு உலகத்துக்கே பொருள் செஞ்சு அனுப்புற ஊர் இது. 2024 ஆகஸ்ட்ல இதே வல்லம் வடகால்ல பெண் தொழிலாளர்களுக்காக ஒரு பிரமாண்ட குடியிருப்பு திறந்தாங்க. எத்தனை பேர் தங்கலாம் தெரியுமா? 18,720 பேர்! பல காலேஜ்களோட மொத்த ஸ்ட்ரெங்த்தை ஒரே காம்பவுண்டுக்குள்ள வெச்ச மாதிரி. பெரும்பாலும் நம்ம வயசுப் பொண்ணுங்க. வாரத்துல ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாள் அவங்க எங்க போவாங்க?

பஸ் ஸ்டாப்புல பார்த்த ஒரு அக்காகிட்ட இதைக் கேட்டேன். "துணி துவைக்கவே பாதி நாள் போயிடும் தம்பி. மீதி நேரம் பஸ் ஏறி மால் போனா, பாக்குறதுக்கே காசு. சும்மா காத்தாட உட்காரணும்னா இங்க எங்க இடம் இருக்கு?"னு திருப்பிக் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. இந்த வாரப் பக்கமே அந்தப் பதிலைத் தேடின கதைதான்.

ஆத்தங்கரை நம்ம ஏரியாவுல!

வெளிநாட்டுப் படத்துல பார்த்திருப்பீங்க. ஆத்தோரம் பெரிய புல்வெளி, வானம் நிறைய பட்டம், காட்டுப்பூ, பாய் விரிச்சு சாப்பிடுற குடும்பம். 'நமக்கெல்லாம் இது எங்கடா'ன்னு பெருமூச்சு விடாதீங்க. ஐடியாவே நம்மளோடது!

ஆடிப்பெருக்கு என்ன? கலந்த சாதம் கட்டிக்கிட்டு மொத்தக் குடும்பமும் ஆத்தங்கரைக்குப் போற நாள். விழுப்புரம், கடலூர் பக்கத்து ஃப்ரெண்ட்ஸைக் கேளுங்க. தை மாசம் அஞ்சாம் தேதி தென்பெண்ணை, கெடிலம் கரையில ஆற்றுத் திருவிழா களை கட்டும். சாமி வரும், ராட்டினம் வரும், கரும்பு வரும். பிக்னிக்ங்கிற வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே நாம பிக்னிக் போனவங்க.

'எங்க ஊர்ல ஆறே இல்லையே'ன்னு சொல்றீங்களா? இதோ ஒரு ஷாக். சென்னையோட அடையாறு எங்க பிறக்குது? நம்ம ஏரியாவுல, மணிமங்கலம் பக்கத்துல இருக்கிற மலைப்பட்டு ஏரியைத்தான் ஆரம்பம்னு சொல்றாங்க. வழியில ஆதனூர் ஏரித் தண்ணி சேருது, திருநீர்மலை பக்கம் செம்பரம்பாக்கம் ஏரியோட உபரி நீர் சேருது. சுமார் 42 கி.மீ. ஓடி பட்டினப்பாக்கம் பக்கத்துல கடல்ல கலக்குது. அடையாறுக்கு நம்ம ஏரியாதான் அம்மா வீடு பாஸ்!

அந்த ஆறு கடைசியா கடலைத் தொடுற இடத்துக்கிட்ட ஒரு பூங்கா இருக்கு. 2011-ல திறந்த தொல்காப்பியப் பூங்கா. 58 ஏக்கர். ஒரு காலத்துல குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த இடம். அதையெல்லாம் அள்ளிட்டு, தண்ணி வர வழி பண்ணி, நம்ம மண்ணுக்கு ஏத்த செடிகளை நட்டாங்க. அங்க பட்டம் விட முடியாது, அது பறவைகளோட வீடு. ஆனா நடக்கலாம், பார்க்கலாம், கத்துக்கலாம். ஆத்தோட கடைசியில முடிஞ்சது, ஆரம்பத்துல முடியாதா?

ஆடிக் காத்து... ஒரு மினி லெக்சர்

காத்துக்கு இங்க குறைச்சலே இல்லை. ஆடி மாசம் அம்மியும் பறக்கும்னு பாட்டி சொல்றது சும்மா இல்லை. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து அடிக்குது. மழையில பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு, நம்ம பக்கம் வரும்போது வறண்ட காத்தாத்தான் வந்து சேருது. மதியத்துக்கு மேல கடல் காத்து வேற கிழக்குல இருந்து கிளம்பும். ரெண்டும் முட்டிக்கிற சாயங்காலத்துல சில நாள் இடியும் மழையும் கிடைக்கும்.

பட்டம் பறக்குறதுக்கும் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸுக்கும் சம்பந்தம் இருக்கு. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா பட்டத்தைத் தூக்குற விசை நாலு மடங்காகும். (காத்தாலையில கிடைக்கிற பவர் எட்டு மடங்கு! ரெண்டு மார்க் கேள்வி, குறிச்சு வெச்சுக்கங்க.) அதனாலதான் மெதுவா காத்து வீசும்போது மண்ணைக் கவ்வுற பட்டம், கொஞ்சம் வேகம் கூடினதும் கையைப் பிடிச்சு இழுக்குது. சூத்திரம் கட்டுறது எதுக்கு? பட்டம் காத்தை எந்தக் கோணத்துல எதிர்கொள்ளணும்னு செட் பண்றதுக்கு. வால் எதுக்கு? ஆட்டத்தை அடக்குறதுக்கு. லேப்ல புரியாதது மைதானத்துல அஞ்சு நிமிஷத்துல புரியும்.

நம்ம சொந்தக்காரங்க யாழ்ப்பாணத்துல இதுல கிங். வல்வெட்டித்துறையில பொங்கல் அன்னிக்கு கடற்கரையில பட்டத் திருவிழா நடக்கும். அங்க சீசன் ஆடி இல்லை, வாடைக்காத்து அடிக்கிற மார்கழி, தை. பட்டத்துல 'விண்'ணுன்னு ஒண்ணு கட்டுவாங்க, காத்துல அதிர்ந்து 'ங்ங்ஙொய்'னு கூவும். நம்ம பக்கமும் 2022 ஆகஸ்ட்ல மாமல்லபுரம் பக்கத்துல சர்வதேச பட்டத் திருவிழா நடந்துச்சு. கூட்டம் அள்ளுச்சு.

ஏரிக்கரைப் பூக்கள்... ஓசி ஷோ

பூவைத் தேடி ஊட்டிக்குப் போக வேண்டாம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கே 'ஏரி மாவட்டம்'னு பேர். அந்த ஏரிக்கரைகள்தான் நம்ம ஃப்ளவர் ஷோ. மஞ்சளா கொத்துக் கொத்தா பூத்தா ஆவாரம். தரையோட தரையா, சின்ன மஞ்சள் பூ, கூடவே காலைக் குத்துற முள்ளுன்னா நெருஞ்சி. குட்டி வெள்ளைப் பூ, சுத்தி வண்டும் தேனீயும்னா தும்பை. பொங்கலுக்கு முன்னாடி காப்பு கட்டுவாங்களே, அந்தப் பூளைப்பூவும் இங்கதான் பொங்கிப் பூக்கும். எருக்கு இலையைத் திருப்பிப் பாருங்க, வரி வரியா ஒரு புழு இருக்கும். கொஞ்ச நாள்ல அதுவே ஆரஞ்சு கலர் வண்ணத்துப்பூச்சி.

மழைக்காலத்துல வேலியில செங்காந்தள் கண்ணுல பட்டா நீங்க அதிர்ஷ்டசாலி. நம்ம மாநிலப் பூ. பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். பறிச்சுக் கடிச்சுப் பார்த்துடாதீங்க, கிழங்குல இருந்து பூ வரைக்கும் விஷம். அழகா கலர் கலரா நிக்கிற உண்ணிச்செடி மட்டும் வெளிநாட்டு விருந்தாளி. வந்தது திரும்பிப் போகலை, நம்ம செடிகளோட இடத்தையும் புடிச்சுக்கிச்சு.

போறதுக்கு முன்னாடி ப்ளீஸ்...

* மாஞ்சா நூலை மறந்துடுங்க. கண்ணாடித் தூள் பூசின நூல் பைக்ல வர்றவங்க கழுத்தை அறுத்திருக்கு, குழந்தைங்க உயிரையே எடுத்திருக்கு. 2017 ஜூலையில தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை பண்ணுச்சு. சாதா பருத்தி நூல் போதும். 'டீல்' போட்டு அடுத்தவன் பட்டத்தை அறுக்குறது வீரம் இல்லை மச்சி.

* மேல பாருங்க. ஃபேக்டரி ஏரியாவுல உயர் அழுத்த மின்கம்பி போகாத திசையே இல்லை. கம்பி இருக்கிற இடத்துல பட்டம் வேண்டாம். சிக்கினா நூலை விட்டுட்டு வந்துடுங்க. பட்டம் பத்து ரூபா, நீங்க?

* கரையோட நில்லுங்க. மண் அள்ளின பள்ளம் எங்க இருக்குன்னு தண்ணி மூடியிருந்தா தெரியாது. முழங்கால் ஆழம்னு காலை வெச்ச இடத்துல ஆளே முழுகலாம். நீச்சல் தெரிஞ்சவங்களும் ஏமாந்த இடம் அது.

* செம்பரம்பாக்கம் மாதிரி குடிநீர் ஏரியில அனுமதிச்ச இடம் வரைக்கும் மட்டும். அது சென்னை குடிக்கிற தண்ணி. 3,645 மில்லியன் கன அடி பிடிக்கிற ஏரியில உங்க சிப்ஸ் பாக்கெட்டுக்கு இடம் கிடையாது!

சரி, அந்த அக்காவுக்கு என்ன பதில்?

சிங்கப்பூர்ல மெரினா பேரேஜ்னு ஒரு தடுப்பணை இருக்கு, 2008-ல திறந்தது. வேலை என்னவோ வெள்ளத்தைத் தடுக்குறதும் குடிதண்ணி சேர்த்து வெக்கிறதும்தான். அதாவது, நம்ம ஏரி செய்யற அதே வேலை. ஆனா அந்தக் கட்டடத்தோட கூரை மேல புல்லு வளர்த்து விட்டாங்க. இப்ப சாயங்காலமானா குடும்பம் குடும்பமா போய் அங்க பட்டம் விடுறாங்க. தண்ணிக்குன்னு கட்டின இடத்தை ஜனங்களுக்கும் திறந்து விடலாம்னு யாரோ ஒருத்தர் யோசிச்சதுதான் வித்தியாசம்.

நமக்கு ராக்கெட் டெக்னாலஜி வேண்டாம். ஒரு ஏரிக்கரையில நடக்குற மாதிரி பாதை, நாலு நிழல் மரம், பெஞ்சு, லைட்டு, பூட்டாத டாய்லெட், சாயங்காலம் திரும்பி வர பஸ். முக்கியமா அந்த லைட்டும் டாய்லெட்டும் பஸ்ஸும். அது மூணும் இல்லைன்னா அது பசங்க மட்டும் போற இடமாத்தான் இருக்கும்.

யார்கிட்ட கேட்கணும்? பெரிய ஏரின்னா நீர்வளத்துறை, சின்ன ஏரின்னா ஊராட்சி ஒன்றியம். ஆனா முதல் மைக் கிராம சபையில இருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ன்னு வருஷத்துக்கு ஆறு தடவை. ஆகஸ்ட் 15 வேற ஆடிக் காத்து அடங்காத நேரம், பொருத்தமா இருக்கும்!

இதுல ஒரு சிக்கல் இருக்கு. கிராம சபையோட உறுப்பினர்கள் அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்க. அந்த அக்காவோட ஓட்டு தர்மபுரியிலயோ, திருவண்ணாமலையிலயோ, வேற மாநிலத்துலயோ இருக்கும். இங்க வேலை செய்யறாங்க, இங்க தூங்குறாங்க, இங்க சாப்பிடுறாங்க. ஆனா 'எங்களுக்கு ஒரு பூங்கா வேணும்'னு இந்த ஊர்ல கேட்க அவங்க பேர் லிஸ்ட்ல இல்லை.

உங்க பேர் இருக்கு. 18 முடிஞ்சு, இந்த ஊர் லிஸ்ட்ல பேர் இருக்கிற காலேஜ் ஸ்டூடண்டா நீங்க? அப்போ அடுத்த கூட்டத்துக்கு நாலு ஃப்ரெண்ட்ஸோட போங்க. ஏரிக்கரையை நடந்து பார்த்து, எங்க நிழல் வேணும், எங்க லைட் வேணும்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க. இன்ஜினீயரிங் டிராயிங் படிச்சோமே, அது எதுக்குன்னு ஒரு தடவையாவது தெரியட்டும். தீர்மானமா எழுதச் சொல்லுங்க. எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டு வாங்க.

போர்டுல 'பூங்கா'ன்னு ஏற்கெனவே எழுதிட்டாங்க பாஸ். பூவை நாம கேட்டு வாங்கிக்கலாம்.