ஆடும் தீண்டாததை நாம் தீண்டலாமா?



நம் முன்னோர் செடிகளுக்கு வறிதே பெயரிட்டாரல்லர். ஆடுதீண்டாப்பாளை என்னும் பெயரை ஓர்ந்து பாருங்கள். தழையெல்லாம் மேயும் ஆடும் அதனைத் தீண்டாது என்னும் பட்டறிவு அச்சொல்லுள் பொதிந்துள்ளது. அச்செடியிலும் அதன் இனத்திலும் உள்ள நஞ்சு சிறுநீரகத்தை அழிக்கும், புற்றும் விளைக்கும். பெல்சிய நாட்டில், உடல் மெலிவதற்கான மருந்தில் அவ்வினத்து வேர் கலந்தமையால் பெண்டிர் பலர் சிறுநீரகம் இழந்தனர். 1993-இல் அச்செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது.

தமிழ்ப் பெயருடைய மூலிகை யாவும் தீங்கற்றவை எனல் தமிழ்ப்பற்று ஆகாது, பேதைமையே ஆகும். சிறுபீளையும் நெருஞ்சிலும் நீர் பெருக்கும் என்பர். ஆயினும் பழுதுற்ற சிறுநீரகத்தை அவை மீட்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. நாம் போற்றும் இளநீரே, சிறுநீரகம் தளர்ந்தார்க்குக் குருதியில் பொட்டாசியத்தை மிகுவித்து நெஞ்சாங்குலைத் துடிப்பை நிறுத்திவிடக் கூடும்.

உணவே முதற்காப்பு. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் அடங்குக. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குறைக. நீரிழிவையும் குருதியழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திடுக. சிறுநீரகம் வலியின்றியே தளரும். ஆதலின் குருதியும் சிறுநீரும் ஆய்ந்தறிந்து, மருத்துவரைக் கேட்ட பின்னரே மூலிகை நாடுக.

முன்னோர் சொல்லைப் பேணுவோர் அச்சொல் உணர்த்தும் அறிவையும் பேணுக!