இருபத்தெட்டாம் நாள் ஊசி

மக்காச்சோளம் வீட்டுக்கு வரும் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகள் மஞ்சளாகிவிடும். பாதித் தார்ச்சாலையை மறித்துச் சோளத்தைப் பரப்பிக் காயவைப்பார்கள். அதன் நட்டநடுவில் சுருண்டு படுப்பதுதான் எங்கள் நாய் மணிக்குப் பிடித்தமானது. விரட்டினால் எழுந்து உடம்பை உதறும். நாம் முதுகைக் காட்டியதும் தன் உடம்பு பதிந்த அதே குழிக்குத் திரும்பிவிடும். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டால் பட்டறையின் நிழல். பருத்தி எடுத்த நாட்களில் பருத்திக் குவியல். கறுத்த மூக்கு ஒன்று மட்டும் வெள்ளைப் பஞ்சுக்கு வெளியே தெரியும். அந்தக் காட்சிக்காகவே சாயங்காலம் திண்ணையில் வந்து உட்காருவேன்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் நாய்க்கு என்று தனியாக யாரும் சமைப்பதில்லை. அப்பாயி சோறு பிசையும்போதே ஒரு கவளம் தனியாக உருட்டி வைப்பார். மணி அதைச் சாப்பிட்டுவிட்டு அப்பாயியின் காலடியில் வந்து படுக்கும். அவர் முட்டிவலி என்று காலை நீட்டினால் அதன்மேல் தலையை வைத்துக்கொள்ளும். சூடாக இருப்பது வலிக்கு நல்லது என்பார். எண்பது வயதில் அவருக்குக் கிடைத்த ஒத்தடம் அது.

மாசியில் ஒரு நாள் தம்பி மகளை நாய் கடித்தது. கடித்தது மணி இல்லை. பள்ளிக்கூட வாசலில் திரிந்த ஒரு குட்டி. இவள் தினமும் பிஸ்கட் போட்டு வளர்த்தது. கெண்டைக்காலில் இரண்டு பல் இறங்கி ரத்தம் வந்திருக்கிறது. திட்டுவார்கள் என்று பாவாடையால் மூடிக்கொண்டு வந்து, ராத்திரி அப்பாயியிடம் மட்டும் சொன்னாள். அப்பாயி சுண்ணாம்பு டப்பாவைத் தேடினார். நல்லவேளை, தம்பி பெண்டாட்டி அதற்குள் பார்த்துவிட்டாள். குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாள். வெறிநோய் வைரசைக் காயத்திலேயே குறைப்பதற்கு ஓடும் தண்ணீரும் சோப்பும்தான் முதல் மருந்து. சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் காயத்தைப் புண்ணாக்குமே தவிர நோயைத் தடுக்காது. இதை நான் எத்தனை முறை எழுதினாலும் அலுக்காது.

"ஊசின்னா தொப்புளைச் சுத்திப் பதினாலு போடுவாங்களே, புள்ளை தாங்குமா?" என்று அப்பாயி அழுதார். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அவர் காலத்து மருந்து ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்தது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் அதைத்தான் தயாரித்தார்கள். வயிற்றில் நாள்தோறும் போட வேண்டும். சிலருக்கு அந்த மருந்தே நரம்பைப் பாதித்ததும் உண்டு. 2004 முடிவில்தான் இந்தியா அதைக் கைவிட்டது. இப்போது செல் வளர்ப்பில் செய்யும் தடுப்பூசி. இரண்டு தோளிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் ஏற்றுகிறார்கள். முதல் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு தடவை. தோலுக்குள் போடும் இந்த முறை தாய்லாந்தில் வளர்ந்தது. 2006-இல் இங்கே ஒப்புதல் பெற்றது. ஒரு சிறு குப்பி மருந்து பல பேருக்கு வருகிறது. ஏழை மாநிலங்களும் இலவசமாகக் கொடுக்க முடிவது அதனால்தான்.

மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த ஊசி இருந்தது. பணம் இல்லை, பரிந்துரை இல்லை, பதினைந்து நிமிடம். ஆனால் ரத்தம் வந்த கடிக்கு அது மட்டும் போதாது. ஊசியால் உடம்பில் எதிர்ப்பு உருவாக நாட்கள் ஆகும். அதுவரை காப்பாற்ற இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தைக் காயத்தைச் சுற்றியே போட வேண்டும். அதற்கு எழுதிக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் இருப்பு இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இருந்த டாக்டர் தானே நாலு இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். அன்று சாயங்காலம் வேறொரு ஊரில் கிடைத்தது. முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டால் போதும் என்பதால் பிள்ளைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பகல் முழுக்க என் தம்பி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கூலிவேலைக்குப் போகும் ஒரு தாய், கையில் பஸ் காசு மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இரண்டாவது ஊருக்குப் போயிருப்பாளா?

2024-இல் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானவர்கள் ஏறத்தாழ 4.8 லட்சம் பேர். வெறிநோயால் செத்தவர்கள் 43 பேர். அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த நோயிலிருந்து யாரையும் மீட்க முடியாது என்றே சொல்லலாம். அதற்கு முன்னால் மருந்து போட்டுவிட்டாலோ ஏறக்குறைய யாருமே சாக வேண்டியதில்லை. அந்த 43 பேரும் எங்கே தவறவிடப்பட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சுண்ணாம்பிலா, பஸ் காசிலா, இருப்பில்லை என்ற பதிலிலா, மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிட்டதிலா?

சுகாதாரத் துறையில் சீர்திருத்தம் என்றால் இப்போதெல்லாம் காப்பீட்டு அட்டையைத்தான் காட்டுகிறார்கள். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீடு, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைப்பு, ஆண்டுக்கு ஐந்து லட்சம். இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் அது எத்தனையோ குடும்பத்தைக் கடனிலிருந்து காத்திருக்கிறது, மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த அட்டை படுக்கையில் சேர்ந்த பிறகுதான் கண் திறக்கும். நாய் கடித்த பிள்ளைக்கு வேண்டியது புறநோயாளிச் சீட்டு, 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கும் ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு செவிலியர். இதற்கு அட்டையில் இடமில்லை. பிறகு நடக்கும் சிகிச்சைக்குக் கோடிகளும், வராமல் தடுப்பதற்கு மிச்சம் மீதியும் என்று போனால் நாம் தப்பான பக்கம் நடக்கிறோம்.

2020 ஜனவரியில் நிதி ஆயோக் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. மாவட்ட அரசு மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்து நடத்தலாம் என்பது அதன் சாரம். கட்டணம் கட்டுப்படுத்தப்பட்ட படுக்கைகள் ஒரு பக்கம், சந்தை விலைப் படுக்கைகள் இன்னொரு பக்கம். படித்தபோது எனக்குப் பெரம்பலூர்தான் கண்முன் வந்தது. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. தனியார் கல்லூரி இருக்கிறது. அரியலூருக்கு 2022 ஜனவரி 12-இல் ஒரே நாளில் திறந்த பதினொரு அரசுக் கல்லூரிகளில் ஒன்று கிடைத்தது. 150 இடங்கள். அங்கே ஓர் அரங்கத்துக்கு, டாக்டராக ஆசைப்பட்டு 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்ட குழுமூர் அனிதாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும். ஏழைக்கு ஒரு படுக்கை, காசுள்ளவருக்கு ஒரு படுக்கை என்று மாவட்ட ஆஸ்பத்திரி பிரிவதை என்னால் ஏற்க முடியாது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் அடிபட்டு வருபவரும் பிரசவத்துக்கு வருபவளும் நாய்க்கடிக்கு வரும் பிள்ளையும் ஒரே வாசலில் நுழையும் இடம் அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாய் கால்நடைத் துறை. கடி சுகாதாரத் துறை. தெருவும் கருத்தடையும் உள்ளாட்சி. மூன்றும் மூன்று அலுவலகம். ஓர் ஊரில் பத்துக்கு ஏழு நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு. அடித்துக் கொல்வதாலோ வேறு ஊரில் கொண்டுபோய் விடுவதாலோ அது நடக்காது. காலி இடத்துக்கு ஊசி போடாத நாய் வந்து சேரும். 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் ஒன்று சொல்லி, பதினொரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விலக்கியது. அந்த விவாதத்தில் எங்கள் ஊர்களைப் பற்றிய பேச்சு என் காதில் விழவில்லை.

பங்குனியில் தம்பி மகளுக்கு நான்காவது ஊசி. நானும் கூடப் போனேன். மணி பஸ் நிறுத்தம் வரை வந்து, பஸ் திரும்பும் வரை நின்றது. செவிலியர் குளிர்ப்பெட்டியைத் திறந்ததும் பாப்பா எட்டிப் பார்த்தாள்.

"மணிக்குப் போடுற ஊசியும் இதுக்குள்ள இருக்கா அக்கா?"

"அது வேற டிபார்ட்மெண்ட் பாப்பா. மாட்டாஸ்பத்திரில கேளு."

பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளில் காலை வெப்பநிலையை நீல மையில் எழுதியிருந்தார். சாயங்காலக் கட்டம் காலியாக இருந்தது. ஊசி போட்டு முடித்ததும் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு பாப்பா என்னைப் பார்த்தாள். அங்கிருந்து நேராக மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தோம். மத்தியானம் ஆகிவிட்டது, கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மணியைக் கயிற்றில் கட்டிக் கூட்டிவருவது என்று பேசிக்கொண்டோம்.